பின்னோக்கி மலையேறிய கார்: ஹென்றி ஃபோர்டின் தலைமைப் பண்புகளை மலைத்தொழிலில் கையாளும் முறை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் மலைப்பாதையில் ஒரு கார் பின்னோக்கி ஏறி வந்தால், பர்லியாறு கடைகளின் முன் நிற்பவர்கள் ஓட்டுநருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே முடிவு கட்டுவார்கள். ஆனால் 1908-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு விற்பனைக்குக் கொண்டுவந்த மாடல் டி காரை வைத்திருந்தவர்கள், செங்குத்தான மேடுகளில் பல நேரம் அப்படித்தான் ஏறினார்கள். அந்தக் காரில் பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் பம்பு கிடையாது. முன் இருக்கைக்கு அடியில் இருந்த தொட்டியிலிருந்து எரிபொருள் தானாகவே சரிந்து இறங்கி எஞ்சினை அடைய வேண்டும். தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கும் நேரத்தில் வண்டியின் மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்தால், எஞ்சின் தொட்டியைவிட உயரத்துக்குப் போய்விடும், வண்டி நின்றுவிடும். திருப்பிப் போட்டுப் பின்னோக்கி ஏற்றினால் தொட்டி உயரத்துக்கு வரும், ரிவர்ஸ் கியரின் இழுவையும் முன்னோக்கிய கியர்களைவிட அதிகமாக இருக்கும்.

நம்முடைய மலை ரயில் குன்னூரைத் தாண்டி உதகமண்டலத்தை எட்டியதும் அதே 1908-இல்தான். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே உள்ள ஏற்றத்தைச் சமாளிக்க இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்து, அதைக் கவ்வி ஏறும் பல்சக்கரங்களை எஞ்சினில் பொருத்தினார்கள். ரயிலைக் கட்டியவர்கள் ஏற்றத்தைக் கண்டு ஒரு பெரிய ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். ஃபோர்டோ ஒரு சிறிய பம்பைக்கூடச் சேர்க்காமல், எப்போதாவது வரும் மேட்டை ஓட்டுநரின் சமயோசிதத்துக்கு விட்டுவிட்டார். ரயில் ஒன்றுதான், அது கவிழக் கூடாது. கார் லட்சக்கணக்கில் செய்யப்பட வேண்டியது, அது விலை ஏறக் கூடாது. இரண்டுமே சரியான முடிவுகள்.

நீலகிரியில் பத்துப் பேரிலிருந்து ஐம்பது பேர் வரை வைத்துத் தொழில் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை, கேரட் கழுவும் கொட்டகை, வர்க்கி சுடும் பேக்கரி, யூகலிப்டஸ் தைலம் காய்ச்சும் இடம், வாகனப் பட்டறை என எதுவாகவும் இருக்கலாம். கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் நெடுங்காலம் மேற்பார்வை பார்த்த அனுபவத்தில் ஃபோர்டைப் பற்றி நான் கொண்டிருக்கும் கருத்து ஒன்று உண்டு: வேலை நடக்கும் இடத்தில் நின்று, வேலை செய்கிறவரின் பேச்சைக் கேட்டு அவர் எடுத்த முடிவுகள் ஏறக்குறைய எல்லாமே பலித்தன, அந்த இடத்தைப் பார்க்காமலும், எதிர்த்துப் பேசியவரை வெளியே அனுப்பியும் எடுத்த முடிவுகள் ஏறக்குறைய எல்லாமே கெட்டன. ஆகவே அவரைப் பின்பற்ற விரும்புகிறவர் அவருடைய வாழ்க்கையை முழுதாக விழுங்காமல், கொழுந்து கிள்ளுவதைப் போல இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி எடுப்பது நல்லது.

எதை விடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஃபோர்டு 1863-இல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு விவசாயிக்கு மகனாகப் பிறந்தவர். எடிசன் பெயரில் நடந்த மின்சார நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்துகொண்டே, 1896-இல் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் தம் முதல் வண்டியைச் செய்து முடித்தார். முடித்த பிறகுதான் கொட்டகையின் கதவு வண்டியைவிடச் சிறியது என்று தெரிந்து, சுவரை இடித்து வெளியே எடுத்தார். 1899-இல் தொடங்கிய முதல் நிறுவனம் 1901-இல் கலைந்தது. அடுத்த நிறுவனத்திலிருந்து முதலீட்டாளர்களோடு ஒத்துப்போகாமல் 1902-இல் வெளியேறினார். அவர் விட்டுப்போன அந்த நிறுவனமே பின்னர் காடிலாக் ஆயிற்று. 1903 ஜூன் மாதம் 28,000 டாலர் ரொக்கத்தோடு மூன்றாவது முறையாகத் தொடங்கியதுதான் ஃபோர்டு மோட்டார் நிறுவனம். இரண்டு முறை விழுந்தவர் என்ற கதையைப் பலரும் ஊக்கமூட்டுவதற்காகச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, மூன்றாவது முயற்சியிலும் முதல் ஐந்து ஆண்டுகள் அவர் பல வகைக் கார்களைச் செய்து பார்த்துக்கொண்டே இருந்தார் என்பது.

அவற்றில் ஆறு சிலிண்டர் கொண்ட, பணக்காரர்களுக்கான ஒரு காரும் இருந்தது. பங்குதாரர்களில் முக்கியமானவர் விலை உயர்ந்த காரில்தான் லாபம் என்று வாதிட்டார். ஃபோர்டு எளிய காரில்தான் எதிர்காலம் என்று நின்றார். 1906-இல் அந்தப் பங்குதாரரின் பங்கை வாங்கி அவரை விலக்கினார். மாடல் டி வந்த மறு ஆண்டே, இனி இந்த ஒரே வகைக் காரைத்தான் செய்வோம் என்று அறிவித்தார். நான்கு சிலிண்டர், 20 குதிரைத்திறன், எடை குறைவாகவும் வலிமை அதிகமாகவும் உள்ள வனேடியம் எஃகு, சேற்றுப் பாதையிலும் தட்டாமல் போகும் உயரமான அடிப்பாகம் என்று, எங்கே செலவு செய்ய வேண்டுமோ அங்கே தாராளமாகச் செய்தார். பம்பில் மிச்சம் பிடித்தவர் எஃகில் மிச்சம் பிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. பெயர்ப்பலகைக்கும் அலுவலகக் கண்ணாடிக்கும் செலவு செய்துவிட்டு, தேயிலையை உலர்த்தும் டிரையருக்கு விறகு வாங்கும்போது ஈர விறகாகப் பார்த்து வாங்குகிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: உங்களிடம் விற்பனையாகும் பொருள்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது வாரத்தில் எத்தனை மணி நேர உழைப்பை வாங்குகிறது என்று எழுதுங்கள். வர்க்கியோடு கேக், பிஸ்கட், சாக்லேட் என்று பதினைந்து வகை செய்யும் பேக்கரியில், கூட்டம் வர்க்கிக்காகத்தான் வருகிறது என்பதும், அடுப்பின் நல்ல சூட்டு நேரத்தை வேறொன்று தின்றுகொண்டிருக்கிறது என்பதும் அந்தத் தாளில் வெளிப்படும். எதை நிறுத்தலாம் என்று உடனே முடிவு செய்யாதீர்கள். அந்தப் பொருளை ஒரு மாதம் செய்யாமல் இருந்து பாருங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

வேலை நடக்கும் இடத்தில் நின்று அளந்து பாருங்கள்

ஃபோர்டின் புகழுக்குக் காரணமான நகரும் அசெம்பிளி லைன், அதாவது செய்யப்படும் பொருள் வரிசையாக நிற்கும் தொழிலாளர்கள் முன் நகர்ந்து வரும் ஏற்பாடு, ஒரே நாளில் ஒருவர் மூளையில் உதித்தது என்று பலரும் நினைக்கிறார்கள். நடந்தது வேறு. டெட்ராய்ட் அருகே 1910-இல் திறக்கப்பட்ட ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் சார்லஸ் சோரன்சன், கிளாரன்ஸ் ஏவரி, வில்லியம் கிளான் போன்ற பலர் துண்டு துண்டாகச் செய்து பார்த்த சோதனைகள் சேர்ந்தே அது உருவாயிற்று. சிகாகோ இறைச்சிக் கூடங்களில், கொக்கியில் தொங்கும் உடல் ஒவ்வொருவர் முன்னும் நகர்ந்து வர, அவரவர் தமக்குரிய துண்டை மட்டும் வெட்டி எடுப்பதைக் கிளான் பார்த்து வந்தார். அங்கே பிரிப்பதற்குப் பயன்படும் முறையை இங்கே சேர்ப்பதற்குப் பயன்படுத்தலாம் என்பது அவர்களுக்குத் தோன்றியது. ஃபோர்டு செய்தது என்னவென்றால், இந்தச் சோதனைகளுக்கு இடம் கொடுத்தார், கெட்டுப்போன சோதனைக்காக யாரையும் தண்டிக்கவில்லை, பலித்ததை மறுநாளே பரவச் செய்தார். தொழிற்சாலைத் தலைவர் ஒருவரிடம் இதைவிடப் பெரிய பண்பை நான் எதிர்பார்க்க மாட்டேன்.

அந்தச் சோதனைகளின் கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது பயன் தரும். எஞ்சினில் தீப்பொறியை உண்டாக்கும் மேக்னெட்டோ என்ற பாகத்தை ஒரு தொழிலாளி முழுதாகச் சேர்க்க 20 நிமிடம் ஆயிற்று. 1913-இல் அந்த வேலையை 29 சிறு வேலைகளாகப் பிரித்து, வரிசையாக நின்றவர்களிடம் கைமாற்றியபோது 13 நிமிடம் 10 விநாடியாகக் குறைந்தது. அதற்கு அடுத்த ஆண்டு அந்த வரிசையின் உயரத்தை எட்டு அங்குலம் கூட்டினார்கள். நேரம் 7 நிமிடமாகக் குறைந்தது. எட்டு அங்குல உயரம் ஆறு நிமிடத்தை மிச்சப்படுத்தியது என்றால், அதுவரை அத்தனை முதுகுகளும் குனிந்து நிமிர்ந்து அந்த ஆறு நிமிடத்தைச் சுமந்துகொண்டிருந்தன என்றுதானே பொருள்? வரிசை நகரும் வேகத்தைச் சரிசெய்த பிறகு நேரம் 5 நிமிடத்துக்கு வந்தது.

காரின் அடிச்சட்டமான சேஸியைச் சேர்க்கும் வேலையிலும் இப்படித்தான். ஒரே இடத்தில் நிறுத்திச் செய்தபோது 12 மணி 28 நிமிடம் ஆயிற்று. உடனே பெரிய சங்கிலி இயந்திரம் எதையும் வாங்கிவிடவில்லை. 250 அடி நீளத்துக்கு ஒரு கயிற்றைக் கட்டி, உருளையில் சுற்றிச் சேஸியை மெல்ல இழுத்தார்கள், ஆறு பேர் கூடவே நடந்து, வழியில் குவித்து வைத்திருந்த பாகங்களை எடுத்துப் பொருத்தினார்கள். அந்தக் கயிற்று விளையாட்டிலேயே நேரம் 5 மணி 50 நிமிடமாகக் குறைந்தது. பிறகுதான் சங்கிலி வந்தது. ஆளின் உயரத்துக்கேற்ப வரிசைகளின் உயரத்தையும் மாற்றி, 1914-இல் ஒரு மணி 33 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

கயிறு முதலில், சங்கிலி பிறகு என்ற இந்த வரிசையை நான் பணியாற்றிய தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் தலைகீழாகச் செய்தோம். இலைக் கொட்டகையிலிருந்து மாடியில் இருந்த வாட்டும் தொட்டிகளுக்குச் சாக்குகளை ஏற்ற ஆள் போதவில்லை என்று, கடன் வாங்கித் தூக்கும் இயந்திரம் ஒன்றைப் பொருத்தினோம். மழைக்காலத்தில் மின்னழுத்தம் இறங்கும் போதெல்லாம் அது பாதியில் நின்றது; நின்ற நேரத்தில் சாக்குக்குள் அடைந்து கிடந்த இலை சூடேறிச் சிவந்தது. கடன் தவணை மட்டும் நிற்கவில்லை. அப்போது, கொட்டகையில் பல ஆண்டுகளாக வேலை பார்த்த ஓர் அம்மா என்னிடம், "தம்பி, லாரியில இருந்து தராசுக்கு இறக்குறோம், தராசுல இருந்து தரைக்கு இறக்குறோம், தரையில இருந்து தோளுக்கு ஏத்துறோம். ஏத்துறதுக்கு மெஷின் வாங்கினீங்க, இறக்காம இருக்கிறதுக்கு ஒண்ணும் செய்யலையே" என்றார்கள். அன்றிரவு நான் ஒரு சாக்கைப் பின்தொடர்ந்து எண்ணிப் பார்த்தேன். லாரியிலிருந்து தொட்டி வரைக்கும் அது ஏழு முறை கைமாறியது. தராசை லாரியின் தரைமட்டத்துக்குச் சமமான மேடையில் ஏற்றி வைத்து, மேடையிலிருந்து மாடிப்படிக்கு நேராக ஒரு பலகைப் பாதை போட்டதும் ஏழு நான்காகக் குறைந்தது. பலகைக்கும் செங்கல்லுக்கும் ஆன செலவு, இயந்திரத்தின் ஒரு மாதத் தவணைகூட இல்லை.

ஆகவே நீங்கள் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பாருங்கள். கையில் ஒரு நோட்டும் கடிகாரமும் போதும். ஒரு நாளில் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அது உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகும் வரைக்கும் கூடவே நடந்து, எங்கெல்லாம் தரையைத் தொடுகிறது, எங்கெல்லாம் காத்திருக்கிறது, அதற்காக யார் குனிகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தேயிலையில் காத்திருப்பு எல்லாமே வீண் என்று எண்ணிவிடக் கூடாது. வாட்டுவதும் புளிக்க வைப்பதும் காத்திருப்புதான், அவற்றைக் குறைத்தால் தூள் கெடும். ஆனால் புளித்து முடிந்த இலை டிரையர் வாயில் வரிசையில் நிற்பது வீண். எது தேவையான காத்திருப்பு, எது தேவையற்ற காத்திருப்பு என்று உங்கள் தொழிலில் பல ஆண்டு கை வைத்தவர் நொடியில் சொல்லிவிடுவார். அவரைக் கேட்காமல் கடிகாரத்தை மட்டும் நம்புகிறவர் ஃபோர்டைப் பாதி மட்டும் படித்தவர்.

இரண்டாவது வாரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைக் கயிற்றாலும் பலகையாலும் செங்கல்லாலும் செய்து பாருங்கள். மேசையின் உயரம்தான் பெரும்பாலும் முதல் இடம். கேரட் தரம் பிரிக்கும் கொட்டகைகளில் பெண்கள் தரையில் குந்தியிருந்து வேலை செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த எட்டு அங்குலம் நினைவுக்கு வருகிறது. மாற்றம் பலிக்கவில்லை என்றால் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள், வெட்கம் வேண்டாம். 1920-இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டிய ஜி.டி.நாயுடு, பின்னாளில் பெரிய போக்குவரத்து நிறுவனத்தை நடத்தியதற்கு, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கற்றதும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

கூலியைக் கூட்டுங்கள், வீட்டுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்

நகரும் வரிசை வந்ததும் ஒரு புதுத் தொல்லையும் வந்தது. நாள் முழுதும் ஒரே திருகை ஒரே திசையில் முடுக்கும் வேலையை மனிதர்கள் வெறுத்தார்கள். 1913-இல் அந்தத் தொழிற்சாலையில் வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம் ஆண்டுக்கு 370 விழுக்காடு. அதாவது சுமார் 14,000 பேர் இருக்க வேண்டிய இடத்தை நிரப்பி வைக்க ஓராண்டில் 50,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரி 5 அன்று ஃபோர்டு நிறுவனம், ஒன்பது மணி நேரத்துக்கு 2.34 டாலராக இருந்த கூலியை எட்டு மணி நேரத்துக்கு 5 டாலராக உயர்த்துவதாக அறிவித்தது. இந்த முடிவில் நிறுவனத்தின் கணக்குவழக்கைப் பார்த்துக்கொண்ட ஜேம்ஸ் கூசன்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. மறுநாள் முதலே தொழிற்சாலை வாயிலில் ஆயிரக்கணக்கானோர் கொட்டும் பனியில் வேலை கேட்டு நின்றார்கள்.

இதைத் தர்மம் என்று சிலரும் தந்திரம் என்று சிலரும் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் போடப்பட்ட கணக்கு என்று தோன்றுகிறது. இந்தக் கணக்கை நாமும் போடலாம். நம் மலையிலிருந்து இளைஞர்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் இடத்தில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறவர்களும் ஓரிரு பருவத்துக்குப் பின் திரும்பிவிடுகிறார்கள். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி இயந்திரத்தின் பற்களைத் தீட்டத் தெரிந்த ஒருவர் விலகினால், புதியவர் கற்கும் காலத்தில் கெடும் தூளுக்கு ஏலத்தில் எவ்வளவு விலை குறைகிறது என்று பாருங்கள். அதோடு ஆள் தேடிய செலவையும், அவர் இல்லாத நாள்களில் நின்ற இயந்திரத்தின் நட்டத்தையும் கூட்டுங்கள். வரும் தொகையைப் பன்னிரண்டால் வகுத்தால், அவரை இருத்தி வைக்க மாதந்தோறும் எவ்வளவு கூட்டிக் கொடுத்திருக்கலாம் என்பது தெரியும். இந்தக் கணக்கைக் காட்டி நான் வாதாடிய முதலாளிகளில் பாதிப் பேர் கூட்டினார்கள்; மீதிப் பேர் கணக்கில் தவறு தேடினார்கள்.

ஆனால் அந்த 5 டாலருக்குள் ஒரு முள்ளும் இருந்தது. அதில் ஏறக்குறைய பாதி, லாபப் பங்கு என்ற பெயரில் நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது. தொழிலாளி குடிக்கிறாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா, சேமிக்கிறாரா என்று விசாரிக்க நிறுவனம் ஒரு தனித் துறையையே அமைத்து வீடு வீடாக ஆளனுப்பியது. தொடக்கத்தில் பெண்களுக்கு இந்த உயர்வு எட்டவும் இல்லை. எஸ்டேட் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேலை கொடுப்பவரே வீட்டுக்கும் சொந்தக்காரராக இருந்தால், கூலிப் பேச்சு அடுப்படி வரைக்கும் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். கூலியைக் கூட்டும்போது அதைக் கூலியாகவே கொடுங்கள். நேரத்துக்கு வருவது, இயந்திரத்தைத் துடைத்து வைப்பது போன்ற வேலையைச் சார்ந்த எதிர்பார்ப்புகளை மட்டும் எழுத்தில் சொல்லுங்கள்.

மிச்சமான பணத்தை வாங்குகிறவரோடு பகிர்வதிலும் ஃபோர்டு முன்மாதிரிதான். 850 டாலரில் தொடங்கிய மாடல் டி-யின் மிகக் குறைந்த விலை, 1920-களின் நடுவில் 260 டாலருக்கு இறங்கியது. 1914 ஆகஸ்ட் முதல் ஓராண்டில் மூன்று லட்சத்துக்கு மேல் கார்கள் விற்றால் வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படும் என்று அறிவித்து, விற்பனை அந்த எல்லையைத் தாண்டியதும் ஒவ்வொருவருக்கும் 50 டாலரைத் திருப்பியும் கொடுத்தார். தேயிலையில் நாம் பகிர வேண்டியது பெரும்பாலும் இலை கொடுக்கும் சிறு விவசாயியோடு. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் விலையைக் கடைசித் தேதியில் வேண்டாவெறுப்பாகக் கொடுக்கும் தொழிற்சாலைக்கு, மழை பெய்யும் நாளில் நல்ல இலை வந்து சேராது.

ஃபோர்டிடம் தொடக் கூடாத பக்கம்

தோட்டத் தொழில் தெரிந்தவர்கள் ஃபோர்டின் வரலாற்றில் கூர்ந்து படிக்க வேண்டிய பகுதி, பிரேசில் நாட்டின் அமேசான் காட்டில் இருக்கிறது. டயருக்கு வேண்டிய ரப்பருக்காகப் பிறரை அண்டி இருக்கக் கூடாது என்று, 1920-களின் இறுதியில் தபஜோஸ் ஆற்றங்கரையில் சுமார் 25 லட்சம் ஏக்கர் நிலத்தைப் பெற்று, ஃபோர்டுலாண்டியா என்ற ஊரையே அவர் கட்டினார். மருத்துவமனை, பள்ளிக்கூடம், நடன அரங்கு, அமெரிக்க வீதிகளைப் போன்ற வரிசை வீடுகள் எல்லாம் வந்தன. வராத ஒருவர், ரப்பர் மரத்தை அறிந்தவர். அமேசான் காட்டில் ரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறி நிற்பதற்குக் காரணம் இருந்தது. அவற்றின் இலையைத் தின்னும் பூஞ்சணமும் அதே காட்டில் பிறந்தது. மரங்களை நெருக்கமாக வரிசையில் நட்டதும் நோய் இலைக்கு இலை தாவியது. பூஞ்சணத்தால் பரவும் கொப்புள நோய் வந்த தேயிலைத் தோட்டத்தில் மூடுபனிக் காலத்தைக் கழித்த எவரும் இதை அந்த மேலாளர்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

ஆட்களை நடத்திய விதமும் அப்படியே. வெயில் ஏறும் முன் காட்டில் இறங்கி, உச்சி வெயிலில் ஓய்ந்து, மாலையில் மீண்டும் வேலை செய்யும் பழக்கமுள்ளவர்களைச் சங்கு ஊதி நகரத்துத் தொழிற்சாலை நேரத்துக்கு வேலை வாங்கினார்கள்; அவர்களுக்குப் பழக்கமில்லாத உணவைக் கொடுத்தார்கள். 1930 டிசம்பரில், சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுவதை நிறுத்திவிட்டு வரிசையில் நின்று வாங்கச் சொன்னதும் கலவரம் வெடித்தது. மேலாளர்கள் படகேறித் தப்பினார்கள். 1934-இல் பெல்டெரா என்ற இடத்தில் மறுபடியும் முயன்று பார்த்து, கடைசியில் 1945-இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டார்கள். மேக்னெட்டோ வரிசையில் எட்டு அங்குலத்தைக் கவனித்த நிறுவனத்தின் தலைவர், தம் பெயர் கொண்ட இந்த ஊருக்கு ஒரு முறைகூடப் போனதில்லை.

எதிர்ப்பேச்சைக் கேளாமை மெல்ல வளர்ந்த நோய். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழ பாதி ஃபோர்டுடையது. மக்களுக்குப் பணம் சேர்ந்து, நிறமும் வசதியும் வேண்டும் என்று கேட்கத் தொடங்கிய காலத்தில், போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் ஆல்ஃபிரட் ஸ்லோனின் தலைமையில் பல விலைகளில் பல வகைக் கார்களைக் கொண்டுவந்தது. 1926-இல், ஃபோர்டின் மகன் எட்செலுக்கு நெருங்கிய உறவினரும் நிறுவனத்தின் உயர் அதிகாரியுமான எர்னஸ்ட் கான்ஸ்லர், புதிய கார் வேண்டும் என்று மிகுந்த பணிவோடு ஒரு நீண்ட குறிப்பை எழுதிக் கொடுத்தார். சில மாதங்களில் அவருக்கு அங்கே வேலை இல்லாமற்போயிற்று. மறு ஆண்டு, ஒன்றரைக் கோடி கார்களைச் செய்த பிறகு மாடல் டி-யை நிறுத்தியே தீர வேண்டிய நிலை வந்தது. அடுத்த கார் தயாராக இல்லாததால் ஏறக்குறைய அரை ஆண்டு உற்பத்தி முடங்கியது. 1909-இல் ஒரே காரில் உறுதியாக நின்றதும் 1926-இல் அதே காரில் உறுதியாக நின்றதும் ஒரே குணம்தான். இடையில் வாங்குகிறவர்கள் மாறியிருந்தார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தம் வார இதழில் யூதர்கள் மீது பல ஆண்டுகள் வெறுப்பைப் பரப்பி, 1927-இல் மன்னிப்புக் கேட்டார். சங்கம் வைக்க முயன்றவர்களை நிறுவனத்தின் அடியாட்கள் 1937 மே மாதம் தொழிற்சாலை வாயில் பாலத்தில் அடித்து நொறுக்கிய படங்கள் நாடெங்கும் வெளியாயின. 1941-இல் அதே சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. தலைவர் வெளியில் பரப்பும் வெறுப்பும் உள்ளே வளர்க்கும் அச்சமும் அவருடைய தனிப்பட்ட விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது, அவை கணக்கேட்டில் வந்து நிற்கும்.

இந்தப் பக்கத்திலிருந்து உங்களைக் காத்துக்கொள்ள நான் கண்ட முறை எளிதானது. மாதத்தில் ஒரு நாள், சம்பளம் கொடுத்த மறுநாளாக இருந்தால் நல்லது, வேலை தொடங்கும் முன் எல்லோரையும் தேநீருக்கு அழைத்து, கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் பேச விடுங்கள். மேற்பார்வையாளர் கடைசியில் பேசட்டும், நீங்கள் அன்று பதில் சொல்லாமல் எழுதிக்கொள்ள மட்டும் செய்யுங்கள். வாயால் சொல்லத் தயங்குகிறவர்களுக்காக இலைக் கொட்டகைத் தூணில் ஒரு பெட்டியை வையுங்கள். அதில் விழும் தாள்களில் உங்களை எரிச்சலூட்டியவற்றைக் கிழித்துவிடாமல் தனி உறையில் தேதியிட்டு வைத்து, ஆறு மாதம் கழித்து, ஏலச் சீட்டுகளையும் விற்பனைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை படியுங்கள். என் உறையில், தூக்கும் இயந்திரத்தை வாங்க வேண்டாம் என்று பென்சிலால் எழுதிய ஒரு தாள் இருந்தது. அதன் தேதி, நாங்கள் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டதற்கு ஒன்பது நாள் முந்தையது.